உள்ளங்கை அகலத்தில் உயிர்!

மோட்டார் காருக்கு உயிர் எங்கே இருக்கிறது?

"என்ஜினில்" என்பார்கள் சிலர். "பிரேக்கில்" என்பார்கள் வேறு சிலர். "டிரைவர் கையில்" என்று சொல்பவர்களும் உண்டு.

மூன்றும் சரிதான். ஆனால் என்ஜின் எவ்வளவு வேகமாக இழுத்தாலும், பிரேக் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும், டிரைவர் எவ்வளவு திறமையாகத் திருப்பினாலும், அத்தனையும் டயர் வழியாகத்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். காரில் ரோட்டைத் தொடுவது டயர் ஒன்றுதான்!

ஒரு டயர் எவ்வளவு இடத்தில் ரோட்டைத் தொடுகிறது தெரியுமா? விரல்களையும் சேர்த்து ஒரு கை அகலம். அவ்வளவுதான்!

5 பேர் ஏறிய சாதாரண கார் ஒன்றின் எடை சுமார் 1,500 கிலோ. அந்த எடையை 4 கை அகல ரப்பர் தாங்குகிறது. அப்பா, அம்மா, பிள்ளைகள், பாட்டி எல்லோருடைய உயிரும் அந்த 4 கைகளில்தான் இருக்கிறது.

எல்லைப்புற ரோடு

ஓசூர், தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில் இருக்கும் ஊர். அங்கிருந்து சிறிது தூரம் போனால் அத்திப்பள்ளி. அது கர்நாடகம்.

ஒரு காலத்தில் ஓசூர் அமைதியான சிறிய ஊர். 1970-ம் ஆண்டுகளில் அங்கே "சிப்காட்" தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்டு லாரித் தொழிற்சாலையும் டி.வி.எஸ். மோட்டார் தொழிற்சாலையும் வந்தன. ஊர் வளர்ந்தது. 2019-ம் ஆண்டில் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது.

ஓசூரில் இருந்து கிருஷ்ணகிரி சுமார் 50 கிலோமீட்டர். 2004-ம் ஆண்டில் தர்மபுரியில் இருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது கிருஷ்ணகிரி. மாம்பழத்துக்குப் பெயர் போன ஊர். இப்போது ரோட்டுக்கும் பெயர் போன ஊர்!

காஷ்மீரில் புறப்பட்டுக் கன்னியாகுமரி வரை போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை கிருஷ்ணகிரி வழியாகத்தான் போகிறது. "7-ம் நம்பர் ரோடு" என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இதைத்தான். சென்னையில் இருந்து வரும் நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில் வந்து சேருகிறது. ஆகவே சென்னைக்காரரும், மதுரைக்காரரும், சேலத்துக்காரரும் பெங்களூருக்குப் போக வேண்டும் என்றால், பெரும்பாலும் கிருஷ்ணகிரி - ஓசூர் ரோட்டில்தான் போக வேண்டும்.

பகலிலும் இரவிலும் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. பொங்கல், தீபாவளி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்கள் குடும்பம் குடும்பமாகச் சொந்த ஊருக்குப் புறப்படுவார்கள். பல நாள் தெருவோரம் சும்மா நின்ற கார்கூட அன்றைக்கு நெடுஞ்சாலைக்கு வந்துவிடும்!

புறப்படும் முன் பெட்டியைப் பார்ப்பார்கள். பலகாரப் பாத்திரத்தைப் பார்ப்பார்கள். வீட்டுப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார்கள். டயரை மட்டும் யாரும் பார்ப்பது இல்லை!

25 ஆயிரம் தடவை!

ஓசூரில் புறப்படும் கார் கிருஷ்ணகிரி போய்ச் சேருவதற்குள், ஒவ்வொரு சக்கரமும் சுமார் 25 ஆயிரம் தடவை சுற்றுகிறது.

ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு பகுதியும் ரோட்டில் பட்டு அமுங்குகிறது. பிறகு நிமிர்கிறது. பக்கச் சுவரும் வளைகிறது, நிமிர்கிறது.

ஒரு கம்பியை எடுத்து இப்படியும் அப்படியும் வேகமாக வளைத்துப் பாருங்கள். வளைத்த இடம் சூடாகும். இன்னும் வளைத்தால் ஒடிந்து போகும். டயர் கதையும் இதுதான்.

காற்று சரியாக இருந்தால் டயர் கொஞ்சமாக வளையும். சூடும் கொஞ்சமாக இருக்கும். காற்று குறைந்தால் அதிகமாக வளையும். சூடு ஏறும். டயருக்குள் ரப்பரையும், நூலையும், எஃகுக் கம்பி வலையையும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். சூடு மிஞ்சினால் அந்த ஒட்டு விட்டுப் போகும். பிறகு ஒரே "டமார்"தான்!

டயர் வெடித்தால், "காற்று அதிகமாகிவிட்டது" என்று பலரும் நினைக்கிறார்கள். நல்ல டயர், காற்று சற்று கூடியதால் மட்டும் எளிதில் வெடிப்பது இல்லை. காற்றுக் குறைவு, அதிகப் பாரம், அதிக வேகம், கடும் வெயில் ஆகிய நான்கும் சேருவதுதான் பெரிய ஆபத்து.

நெடுஞ்சாலை ஓரத்தில் கறுப்பு ரப்பர் பட்டைகள் பாம்புபோல் சுருண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். லாரி டயர்களில் இருந்து உரிந்து விழுந்தவை அவை. அவற்றின் மேல் காரை ஏற்றக்கூடாது. அவசரமாக வளைத்து ஒதுங்கவும் கூடாது. தூரத்திலேயே பார்த்து, வேகத்தைக் குறைத்து, பின்னால் வண்டி வருகிறதா என்று கவனித்து விலக வேண்டும்.

எவ்வளவு காற்று?

பஞ்சர் கடைகளில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம்.

"சார், எவ்வளவு காத்துப் பிடிக்கட்டும்?"

"ஊருக்குப் போறோம்பா. பார்த்து நிறையப் பிடி!"

"நிறைய" என்பது ஒரு கணக்கா? இல்லை!

உங்கள் காருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் காரைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். கதவுச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறிய சீட்டு ஒட்டியிருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். ஆட்களும் சாமான்களும் நிறைந்திருந்தால் எவ்வளவு என்பதும் பல கார்களில் தனியாக இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 35 பவுண்டு வரை. அதாவது, ஒரு சதுர அங்குல இடத்தை அத்தனை பவுண்டு பலத்தோடு காற்று அழுத்துகிறது என்று அர்த்தம்.

டயரின் பக்கத்திலும் ஓர் எண் இருக்கும். அது அந்த டயர் தாங்கக்கூடிய அதிக அளவு. உங்கள் காருக்கு வேண்டிய அளவு அது அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

காற்று அதிகமானாலும் கெடுதல்தான். டயர் பலூன்போல் உப்பி, நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொடும். ரோட்டைப் பிடிக்கும் அகலம் குறையும். பிரேக் போட்டால் வழுக்கும்.

காலையா, மதியமா?

காற்றைச் சோதிப்பதற்கு நேரம் உண்டு. வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே சோதிக்க வேண்டும்.

ஓசூர் ரோட்டில் இது மிகவும் முக்கியம். ஏன்?

ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் குளிரும். கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர் உயரம்தான். அங்கே மதிய வெயில் வாட்டி எடுக்கும்.

வெப்பம் சுமார் 6 டிகிரி கூடினால், டயரில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பவுண்டு கூடும். ஓடும் சூடும் இதனோடு சேரும். ஓசூரில் காலையில் 32 பவுண்டு பிடித்த டயர், கிருஷ்ணகிரியில் 36 பவுண்டு காட்டலாம்.

உடனே, "அய்யோ, காற்று அதிகம்!" என்று 4 பவுண்டைத் திறந்து விடுகிறார்கள் சிலர். அதுதான் தவறு! சூட்டில் ஏறிய அழுத்தம் இயல்பானது. டயரைச் செய்தவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துத்தான் செய்திருக்கிறார்கள். திறந்து விட்டால், மறுநாள் காலையில் குளிர்ந்த டயரில் 28 பவுண்டுதான் இருக்கும். குறைந்த காற்றோடு வண்டி ஓடும். முன்பு சொன்ன ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஓட்டை இல்லாத டயரில்கூட மாதத்துக்கு 1 பவுண்டு அளவுக்குக் காற்று தானாகக் குறையும். எனவே 15 நாட்களுக்கு ஒரு தடவையும், நீண்ட பயணத்துக்கு முன்பும் சோதிக்க வேண்டும். பெட்ரோல் பங்க்குகளில் காற்று இலவசம். இலவசமாகக் கிடைப்பதாலோ என்னவோ, அதைப் பலர் மதிப்பது இல்லை!

"நைட்ரஜன் பிடித்தால் நல்லதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் பிடிப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் அதைப் பிடித்துவிட்டோம் என்று சோதிக்காமல் விடுவதுதான் கெடுதல்.

மழையில் மிதக்கும் கார்

டயரில் மேடும் பள்ளமுமாக இருப்பதை மெக்கானிக்குகள் "பட்டன்" என்பார்கள். அது அழகுக்காக அல்ல. ரோட்டில் நிற்கும் மழைத் தண்ணீரைப் பள்ளங்கள் வழியாக வெளியே தள்ளுவதற்காக.

பட்டன் தேய்ந்து மொட்டையாகிவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? டயருக்கு அடியிலேயே சிக்கிக்கொள்ளும். டயர் ரோட்டைத் தொடாமல் தண்ணீர் மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. பிரேக்கை மிதித்தாலும் நிற்காது.

அமெரிக்காவின் "நாசா" விஞ்ஞானிகள் விமானச் சக்கரங்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். 1963-ம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அந்தக் கணக்குப்படி, தண்ணீர் ஆழமாகத் தேங்கியிருந்தால், 30 பவுண்டு காற்று உள்ள டயர் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். 20 பவுண்டு மட்டும் இருந்தால் சுமார் 75 கிலோமீட்டர் வேகத்திலேயே மிதக்கத் தொடங்கிவிடும்!

ஐப்பசி மழையில் ஊருக்குப் போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. கார் மிதப்பதுபோல் தெரிந்தால், ஆக்சிலரேட்டரில் இருந்து காலை மெதுவாக எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். திடீர் பிரேக் கூடாது.

பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த டயருடன் காரை ஓட்டக்கூடாது என்பது இந்திய மோட்டார் வாகன விதி. மோட்டார் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் 0.8 மில்லிமீட்டர். இதை அளக்க ஸ்கேல் வேண்டாம். டயரின் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சிறிய ரப்பர் மேடுகள் குறுக்கே இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், டயரின் ஆயுள் முடிந்தது. உடனே மாற்ற வேண்டும்.

டயர் பேசும்!

டயர் தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே அதன் நோயைச் சொல்லிவிடலாம்.

இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் சக்கரம் கோணலாக ஓடுகிறது. அலைன்மென்ட் பார்க்க வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் ஸ்டியரிங் நடுங்குகிறதா? பேலன்சிங் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் கொப்புளம்போல் வீங்கியிருக்கிறதா? உள்ளே நூல் அறுந்துவிட்டது. அந்த டயரை அன்றே கழற்றிவிட வேண்டும்.

முன் டயரும் பின் டயரும் ஒரே மாதிரி தேயாது. ஆகவே 8 ஆயிரம் அல்லது 10 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னும் பின்னும் மாற்றிப் போட வேண்டும்.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் எங்கே போடுவது? "முன்னால்" என்பார்கள் பலர். ஆனால் பின்னால் போடுவதுதான் பத்திரம். முன் டயர் வழுக்கினால், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் பம்பரம்போல் சுற்றிவிடும்!

டயருக்கும் ஜாதகம்!

டயருக்குப் பிறந்த தேதி உண்டு. பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் 4 எண்கள் இருக்கும். "2319" என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்யப்பட்டது என்று அர்த்தம்.

ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். 5 ஆண்டு ஆனதும் ஆண்டுக்கு ஒரு தடவை டயரை வல்லுநரிடம் காட்ட வேண்டும், 10 ஆண்டு ஆனால் பட்டன் இருந்தாலும் மாற்ற வேண்டும் என்பது டயர் நிறுவனங்கள் சில கூறும் யோசனை. பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் இந்த 4 எண்களைப் பார்க்க வேண்டும்.

மகனுக்காகப் பிறந்தது

காற்று டயர் பிறந்த கதை சுவையானது.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-ம் ஆண்டிலேயே காற்றுச் சக்கரத்துக்கு உரிமை பெற்றார். ஆனால் உலகம் அதை மறந்துவிட்டது.

1887-ம் ஆண்டில், பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற மாட்டு வைத்தியர் இருந்தார். அவருடைய மகன் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிளுக்குக் கெட்டியான சக்கரங்கள். கல் ரோட்டில் தூக்கித் தூக்கிப் போட்டது. மகனுக்காக ரப்பர் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் கட்டினார் தகப்பனார். அடுத்த ஆண்டு அதற்கு உரிமையும் பெற்றார். ஒரு பிள்ளையின் சுகத்துக்காகச் செய்த சக்கரத்தில்தான் இன்று உலகமே ஓடுகிறது!

"ஸ்டெப்னி" என்கிறோமே, அது என்ன சொல் தெரியுமா? ஒரு தெருவின் பெயர்! வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில், 1904-ம் ஆண்டில் இரண்டு சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருப் பெயரே சக்கரத்துக்குப் பெயராகிவிட்டது.

தமிழ்நாட்டுக்கும் டயருக்கும் நெருங்கிய உறவு உண்டு. மாம்மன் மாப்பிள்ளை 1946-ம் ஆண்டு சென்னை திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். அந்தச் சிறிய பலூன் தொழில்தான் பிறகு "எம்.ஆர்.எப்." என்ற பெரிய டயர் நிறுவனமாக வளர்ந்தது.

அமெரிக்கா கற்ற பாடம்

2000-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவே திடுக்கிட்டது. "பயர்ஸ்டோன்" நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. வேகமாக ஓடும்போதே அந்த டயர்களின் மேல்பகுதி உரிந்து கார்கள் கவிழ்ந்தன. 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெயில் கடுமையான தென் மாநிலங்களில்தான் விபத்துகள் அதிகம். டயரிலேயே குறை இருந்தது. சூடும், வேகமும், குறைந்த காற்றும் அந்த ஆபத்தைப் பெருக்கின.

அதே ஆண்டில் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது. அதன்படி, காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு புதிய கார்களில் கட்டாயம் ஆக்கப்பட்டது.

இந்தியாவிலும் இப்போது பல கார்களில் இந்த விளக்கு இருக்கிறது. இந்த விளக்கும், ட்யூப்லெஸ் டயரை ஒட்டும் சாமான்களும் இருந்தால், ஸ்டெப்னி இல்லாமலும் கார் விற்கலாம் என்று மத்திய அரசு 2020-ம் ஆண்டில் அனுமதி அளித்தது. எனவே உங்கள் காரில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அதில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள்!

விளக்கு எரியட்டும் என்று காத்திருப்பதும் தவறு. அமெரிக்கச் சட்டப்படி காற்று 25 சதவீதம் குறைந்தால்தான் விளக்கு எரிய வேண்டும். அதாவது 32 பவுண்டு 24 பவுண்டு ஆகும் வரை அது பேசாமல் இருக்கலாம்.

டயர் வெடித்தால்?

முதலில் வருவது பதற்றம். கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போகக்கூடாது!

ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் உறுதியாகப் பிடியுங்கள். கார் ஒரு பக்கம் இழுக்கும். இழுப்புக்கு விட்டுக்கொடுக்காமல் நேராக வைத்திருங்கள். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை மெதுவாக எடுங்கள். வேகம் தானாகக் குறையட்டும். நன்றாகக் குறைந்த பிறகு மெதுவாக இடது ஓரம் ஒதுக்கி நிறுத்துங்கள். நான்கு சிக்னல் விளக்குகளையும் எரிய விடுங்கள்.

குடும்பத்தினரை ரோடு இல்லாத பக்கமாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்க வையுங்கள். காருக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்க விடக்கூடாது. சிவப்பு முக்கோணத்தைக் காருக்குப் பின்னால் நல்ல தூரத்தில் வையுங்கள். இரவு நேரத்தில் லாரிகள் பாயும் இடத்தில் நீங்களே சக்கரம் மாற்ற முயல வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. ஆம்புலன்சுக்கு 108.

பத்திரமான இடத்தில் மாற்றுவதாக இருந்தால், ஹேண்ட் பிரேக் போட்டு, ஜாக்கி தூக்குவதற்கு முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். மாட்டும்போது எதிரெதிர் நட்டாக முடுக்குங்கள். ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் கையையோ தலையையோ விடவே கூடாது.

"பஞ்சர் கடை பக்கத்தில்தான் இருக்கிறது" என்று காற்று இல்லாத டயரில் ஓட்டிப் போகாதீர்கள். பக்கச் சுவர் நசுங்கி டயரே வீணாகிவிடும். பட்டன் பகுதியில் ஆணி குத்தினால் ஒட்டலாம். பக்கச் சுவர் கிழிந்தால் ஒட்டு நிற்காது.

5 நிமிட வேலை

ஊருக்குப் புறப்படும் முன் செய்ய வேண்டியவை இவை:

1. டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவுச் சீட்டில் உள்ள அளவுக்குக் காற்றைச் சரிபாருங்கள்.

2. ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள்.

3. பட்டன் தேய்ந்திருக்கிறதா, ஆணி குத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

4. பக்கச் சுவரில் வீக்கம், வெடிப்பு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

5. வால்வு மூடி 4 சக்கரத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

6. ஜாக்கி, ஸ்பேனர், சிவப்பு முக்கோணம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

7. கார் தாங்கும் அளவுக்கு மேல் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றாதீர்கள்.

பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். ஒரு பிள்ளை அளவுச் சீட்டைப் படிக்கட்டும். இன்னொரு பிள்ளை வால்வு மூடியை எண்ணட்டும். நாளைக்கு அவர்கள் கார் ஓட்டும்போது யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவை இருக்காது.

புது டயர் விலை அதிகம்தான். நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய செலவு. ஆனால் இருக்கிற டயருக்குக் காற்றைப் பார்ப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. காற்று சரியாக இருந்தால் டயரும் அதிக நாள் உழைக்கும். பெட்ரோலும் மிச்சமாகும்.

ஊரில் அப்பாவும் அம்மாவும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அரை மணி நேரம் தாமதமாகப் போனாலும் அவர்கள் கோபிக்க மாட்டார்கள். பத்திரமாகப் போய்ச் சேருங்கள்!